மொட்டைமாடிக்குத் தேத்தண்ணீர்

இதைப் பிழையாகத்தான் சொல்லப்போகிறேன். நாளைக்கு ஊரிலிருந்து மகள் மிதுனா போன் எடுத்து, "அம்மா, வடிவாச் சொல்லுங்கோ, என்ன நடந்தது?" என்று கேட்பாள், நான் வாயைத் திறந்தவுடன் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று விழுந்துவிடும். இந்தக் குசினியில் தொடங்கி வன்னியில், புதுக்குடியிருப்பில் கொண்டுபோய் முடிப்பேன். போன முறை இதே மாதிரி வானத்தில் நெருப்புப் போனபோதும் அப்படித்தான். "ராக்கெட் போச்சுது பிள்ளை, நான் ஓடிப்போய்ப் பங்கருக்குள்ள படுத்தனான்" என்றேன். அவள் மெதுவாக, "அம்மா, ஜோர்தானில எங்கயம்மா பங்கர்?" என்று கேட்டாள். எங்கே பங்கர்? வெள்ளைக் கல்லால் கட்டின மாடி வீடு, கீழே கார் விடுகிற இடம், அதற்குப் பக்கத்தில் ரோஜாச் செடி வைத்த ஒரு பாத்தி. நான் படுத்தது அந்தப் பாத்திக்குள். ஆனால் என் வாயில் பங்கர் என்றுதான் வருகிறது. பாத்தி என்று நினைத்துக்கொண்டு பங்கர் என்று சொல்கிறேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன ஆள் நான், ஒரு கதையை முன்னும் பின்னும் ஒழுங்காக வைக்கத் தெரியாது. அதனால் இப்போதே, இது நடந்துகொண்டிருக்கும்போதே, எனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். இது ஜோர்தான். அம்மான் நகரம். லுப்னா மேடத்தின் குசினி. பொழுது இப்போதுதான் இருட்டுகிறது. சைரன் ஊதி ஓய்ந்துவிட்டது. வீட்டு ஆட்கள் எல்லோரும் மொட்டைமாடிக்குப் போய்விட்டார்கள், ஏவுகணை பார்க்க. மேடம் போகிறபோது குசினி வாசலில் நின்று, கையில் போனோடு, ஒரு கல்யாணத்துக்குப் போகிற அவசரத்தில் சொல்லிவிட்டுப் போனாள்: "தவா, பெரிய தட்டில் தேத்தண்ணீர் கொண்டு வா. கொறிக்க விதையும் கொண்டு வா. மேலே கதிரையெல்லாம் போட்டாயிற்று. நீயும் நின்று பார்க்கலாம், இன்றைக்கு நிறையப் போகிறதாம்." என் பெயர் தவமலர். இந்த வீட்டில் தவா.

தண்ணீர் கொதிக்கிறது. மரமியா என்கிற மூலிகை இலையைப் போடுகிறேன், கசப்பும் வாசமுமாய் ஆவி முகத்தில் அடிக்கிறது. யன்னல் கண்ணாடி மெல்ல அதிர்கிறது. வண்டு ஒன்று அதற்குள் சிக்கின மாதிரி. யன்னலுக்குக் கிட்டப் போகாதே. சரி, போகவில்லை. ஆனால் அடுப்பு யன்னலுக்குக் கிட்டத்தான் இருக்கிறது, தேத்தண்ணீர் அடுப்பில்தான் இருக்கிறது. கிழக்கே இருந்து மேற்கே ஒரு செம்மஞ்சள் புள்ளி போகிறது, அதன் பின்னால் இன்னொன்று, சத்தமே இல்லாமல். பிறகு மேற்கே இருந்து இன்னொரு வெளிச்சம் எழும்பி வந்து அதைச் சந்திக்கிறது. பிறகுதான் இடி. கிழக்கே ஈரான், மேற்கே இஸ்ரேல், நடுவில் இந்த வீடு, இந்த வீட்டின் மேல் கதிரை போட்டு இவர்கள். நல்ல மனிதர்கள்தான். அதைச் சொல்லாமல் விட்டால் பிழை. மேடம் என்னை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை, காய்ச்சல் வந்தபோது தன் கையால் சூப் வைத்துக் கொடுத்தவள். அவளின் புருஷன் பாஸெம் ஐயா மத்தியானமே டீவிக்கு முன்னால் இருந்து எனக்கு விளக்கம் சொன்னார், நான் நிலம் துடைத்துக்கொண்டிருந்தேன், காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார்: "இதுவரைக்கும் பெரியவன், ஈரான், தன் கையை அழுக்காக்கவில்லை, தவா. லெபனானில் ஒரு கூட்டம், ஏமனில் ஒரு கூட்டம், அவர்களிடம் ஆயுதத்தைக் கொடுத்துச் சண்டை பிடிக்க விட்டான். மற்றவன், இஸ்ரேல், அவனும் அந்தக் கூட்டங்களைத்தான் அடித்தான். இப்போது இரண்டு பேரும் நேருக்கு நேர். ஆனால் நமக்கில்லை. மேலே போகிறது, மேலேயே போய்விடும்." நான் தலையாட்டினேன். கூட்டம் என்று அவர் சொன்னதை நான் பெடியள், எங்கள் ஊரில் துவக்குத் தூக்கின இயக்கப் பெடியள், என்று எடுத்துக்கொண்டேன். எல்லா இடத்திலும் பெடியள் இருக்கிறார்கள், எல்லாப் பெடியளுக்கும் பின்னால் சாமான் கொடுக்கிற ஒருவன் இருக்கிறான். "உங்கள் ஊரில் என்ன விமானம் வந்தது?" என்று கேட்டார். "கிபிர்." அவர் சிரித்துப் போனில் தேடிப் பார்த்து, "அடி பாவமே, அதைச் செய்து விற்றது இதோ இந்தப் பக்கத்து வீட்டுக்காரன், இஸ்ரேல்தான்" என்றார். எனக்குத் தெரியாது. அது ஏதோ சிங்களப் பேர் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். எங்கேயோ செய்து, கடல் தாண்டி வந்து, என் வேலிக்கு மேலால் பறந்து, இப்போது நான் கடல் தாண்டி வந்து அதைச் செய்தவனுக்குப் பக்கத்தில் நிலம் துடைக்கிறேன். காலை இறக்குங்கோ ஐயா, நிலம் காய்ந்துவிட்டது.

நமக்கில்லை. இந்தச் சொல்லை நான் முதலும் கேட்டிருக்கிறேன், வேறு பாஷையில், வேறு வாயால். யாழ்ப்பாணத்தில், கோப்பாயில் நாங்கள் இருந்த காலம், நான் சின்னப் பிள்ளை. இந்தியாவின் விமானங்கள் வந்து சாப்பாட்டுப் பொதி போட்டன. அப்பா என்னைத் தூக்கித் தோட்டத்துக் கிணற்றுக் கட்டில் ஏற்றி நிறுத்தினார். "பயப்பிடாதை, எங்களுக்கில்லை, இது எங்களைக் காப்பாத்த வந்தது. கையைக் காட்டு." நான் கையைக் காட்டினேன். ஊரே வெளியில் நின்று கையைக் காட்டியது. குடை விரிந்து விரிந்து பொதி இறங்கியது, வெள்ளை வெள்ளையாக, எவ்வளவு வடிவு. பெடியளுக்கு அதுவரைக்கும் சாமான் கொடுத்ததும் பழக்கிவிட்டதும் அவர்கள்தான் என்று பெரிய ஆட்கள் பெருமையாகக் கதைத்தார்கள். மாரி தொடங்க அவர்களுடைய ஆமி நேரே வந்து இறங்கியிருந்தது, சண்டை அவர்களுக்கும் பெடியளுக்கும் என்று ஆகிவிட்டது, என் பள்ளிக்கூடம் முகாமாகிவிட்டது. அப்பா கிணற்றடியில் கிடந்தார். ஷெல். யாருக்கென்று அடித்தார்களோ. அவருக்கில்லை என்றுதான் நினைக்கிறேன். இங்கேதான் பிழைவிடுகிறேன் பார், இதை மிதுனாவுக்குச் சொல்லக்கூடாது, அவள் மாதம் நிறைந்து நிற்கிறாள். தேத்தண்ணீரை மட்டும் சொல்லு. இலையின் சாயம் இறங்கிவிட்டது. சீனி போடு. கேத்தலையும் கிளாசுகளையும் தட்டில் வை. பொன் விளிம்பு போட்ட கிளாசுகள், உடைந்தால் மேடம் முகம் கறுப்பாள். சூரியகாந்தி விதையைக் கிண்ணத்தில் கொட்டு. அப்பா என்னைக் கிணற்றுக் கட்டில் நிறுத்திய மாதிரியே இவர்களும் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்திருப்பார்கள், மேலே, இப்போது.

போன முறை ஓடினேன். அதைத்தான் இந்த வீட்டில் ஒருவரும் மறக்கவில்லை. சைரன் ஊதினதும் என் கால் என்னைக் கேட்கவில்லை. குசினிக் கதவு, படி, கார் விடுகிற இடம், வெளியே. வன்னியில் வீடுதான் ஆபத்து. ஓடும் கூரையும் உன் மேல் விழும், வெளியே ஓடு, மண்ணுக்குள் இறங்கு, குப்புறப் படு, முழங்கையை ஊன்றி நெஞ்சை மண்ணில் படாமல் தூக்கு, காது கிழியாமல் வாயைத் திற. மிதுனாவைக் கைக்குழந்தையாக அணைத்துக்கொண்டு அப்படிப் படுத்திருக்கிறேன். அவளுக்கு வாயைத் திறக்கத் தெரியாது, கிள்ளி அழ வைப்பேன். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் பைத்தியம் வராது: நகரத்துக் கல் வீட்டை விட்டு ஓடி, ரோஜாப் பாத்திக்குள் வாயைத் திறந்துகொண்டு படுப்பது. மேலே பால்கனியில் நின்று பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார், ஒருவர் போனில் படம் எடுத்தார். அடுத்த நாள் காவல்காரன் ஆதெல் வேறொரு படம் காட்டினான், பின் வீதியில் நின்ற கார் ஒன்றின் மேல் இரும்புக் குழாய் மாதிரி ஒன்று, ஒரு வான் வண்டி நீளத்துக்கு, கார் பிசைந்த மாவாய்க் கிடந்தது. "நீ கொஞ்சம் தள்ளிப் படுத்திருந்தால் ரோஜாவுக்கு நல்ல உரம், அம்மா" என்றான் எகிப்துக்காரன். அவன் வாயில் எப்போதும் அப்படித்தான். ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, இங்கே சண்டை பக்கத்தால் வருவதில்லை. மேலே ஒன்றோடொன்று மோதி உடைந்து, துண்டு துண்டாய் நேரே கீழே விழுகிறது. பள்ளம் உதவாது. தலைக்கு மேலே மொத்தமாய் ஏதாவது இருக்க வேண்டும். இதைப் படிப்பதற்கு எனக்கு ஒரு கார் நசுங்க வேண்டியிருந்தது. மேடம் என்னைக் கூப்பிட்டு இருத்தினாள். கோபமாக இல்லை, அதுதான் கூடப் பயம். "தவா, உனக்குத் தலையில் ஏதோ இருக்கிறது. இன்னொரு தரம் இப்படி ஓடினால் நான் ஏஜென்சிக்குத்தான் அனுப்புவேன். அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்." ஏஜென்சி வீட்டை நான் பார்த்திருக்கிறேன், வந்த புதிதில். அறை நிறையப் பெண்கள், ஊருக்கும் இல்லை வேலைக்கும் இல்லை, மாதக்கணக்காய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு. கடவுச்சீட்டு மேடத்தின் அலுமாரியில். மிதுனாவின் பிள்ளைப்பேற்றுக்கு லீவு தருவதாக மேடம் வாய்ச்சொல் தந்திருக்கிறாள். வருகிற கிழமை. "நீ ஒழுங்காக இருந்தால்" என்று சேர்த்துச் சொன்னாள். ஒழுங்கு என்றால் ஓடக்கூடாது. ஒழுங்கு என்றால் தேத்தண்ணீர் கொண்டு போக வேண்டும்.

அப்போ தட்டைத் தூக்கு. தூக்குகிறேன். கிளாசுகள் ஒன்றையொன்று தட்டிக் கிணுகிணுக்கின்றன. குசினிக் கதவு, படிக்கட்டு. கீழே போகிற படி கண்ணில் படுகிறது, கால் அதன் பக்கம் திரும்புகிறது, ஓடு, ஓடு, மண், மண்ணுக்கு ஓடு, தட்டைப் போட்டுவிட்டு ஓடு. இல்லை. மிதுனாவுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. மருமகன் நல்லவன்தான், மாலை போடவும் கடன் வாங்கவும் தெரியும், பிள்ளை பெறுகிற பெண்ணின் இடுப்பைப் பிடிக்கத் தெரியுமா அவனுக்கு? நான் போக வேண்டும். போவதற்கு உயிர் வேண்டும். உயிரோடு கடவுச்சீட்டும் வேண்டும். ஓடினால் ஒன்று போகும், மேலே ஏறினால் மற்றது போகும். ஏறுகிறேன். ஒரு படி, இன்னொரு படி. ஒவ்வொரு நாளும் துடைக்கிற படிகள், இதில் எங்கே மாபிள் கல் வெடித்திருக்கிறது என்று கால் பெருவிரலுக்குத் தெரியும். மேல் வீட்டுக் கதவு திறக்கிறது. சுமனா. மேடத்தின் தம்பி வீட்டில் வேலை, குருநாகல்காரி, இடுப்பில் அவர்களுடைய கைக்குழந்தை, தோளில் பால் போத்தல் பை. எனக்குச் சிங்களம் அரைகுறை, அவளுக்குத் தமிழ் அதைவிட மோசம், இரண்டு பேரும் குசினி அரபியில்தான் கதைப்போம், நடுவில் எது வருகிறதோ அது. "அக்கே, மேலயா?" என்றாள். "என்னை உடனே குழந்தையோடு வரச் சொல்கிறார்கள். குழந்தைக்கும் காட்ட வேணுமாம்." மேலே படார் என்று ஒன்று. கட்டடம் முழுக்க ஒருதரம் மூச்சு விட்ட மாதிரி. குழந்தை வீறிட்டது. மேலே இருந்து கைதட்டல் கேட்டது, கைதட்டுகிறார்கள், யாரோ விசிலும் அடிக்கிறார்கள். சுமனாவின் உதடு வெளுத்திருந்தது. வெளுத்த உதட்டோடு பகிடி விட்டாள்: "நீங்கதானே அக்கே சண்டையில பிறந்த ஆட்கள். முன்னால நடவுங்க, நான் பின்னால வாறன்." அவளின் அண்ணன் ஆமியில் இருந்து முகமாலைச் சண்டையில் செத்தவன். ஒருதரம் படம் காட்டினாள், மீசை முளைக்காத முகம். அவனுக்கு யார் ஷெல் அடித்தார்கள் என்று நான் கேட்கவில்லை, என் அப்பாவுக்கு யார் அடித்தார்கள் என்று அவளும் கேட்கவில்லை. "சண்டையில் பிறந்தபடியால்தான் சொல்கிறேன்," என்றேன், என் குரல் எனக்கே புதிதாய் இருந்தது, "இரு. இங்கேயே இரு."

எப்படி அந்தச் சொல் வந்தது என்று நாளைக்குக் கேட்டால் சொல்ல மாட்டேன், தெரியாது. யோசிக்கவில்லை. முழங்கால் தானாக மடங்கியது, தட்டைப் படியில் வைத்தேன், மேல் வீட்டு வாசலுக்குக் கீழே இறங்குகிற அந்தப் படி வரிசையில், இரண்டு பக்கமும் கல் சுவர், தலைக்கு மேலே கொங்கிரீட், அதற்கு மேலும் கொங்கிரீட். சுமனா நின்று பார்த்தாள். "மேடம் ஏசுவா, அக்கே." "ஏசட்டும். ஏச்சு மேலே இருந்து விழுந்தால் மண்டை உடையாது." அவள் களுக்கென்று சிரித்துவிட்டாள், சிரித்தபடி எனக்குக் கீழ்ப்படியில் குந்தினாள், குழந்தையை மடிக்குள் மடித்து வைத்தாள். நான் ஊற்றத் தொடங்கினேன். முதல் கிளாஸ், ஆவி. இரண்டாவது. தட்டு முழுக்கச் சிந்தியது, ஆனால் ஊற்றினேன். மேலே மேடத்தின் குரல்: "தவா! எங்கே தேத்தண்ணீர்?" நான் வாய்விட்டுக் கூப்பிட்டேன், இந்த வீட்டில் நான் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை: "இங்கே, மேடம்! ஊற்றியாயிற்று! ஆறுகிறது, வந்து குடியுங்கோ!" பிறகு செருப்புச் சத்தம் இறங்கியது. மேடம் மேல்படியில் வந்து நின்றாள், கழுத்தில் ஒரு சிவப்புச் சால்வை, போனை இன்னும் பிடித்தபடி, எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள், தம்பியின் குழந்தையைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். "இது என்ன? பிக்னிக்கா? எழும்பு, மேலே கொண்டு வா." "வரமாட்டேன், மேடம்." சொல்லிவிட்டேன். "என்ன சொன்னாய்?" "மேலே வரமாட்டேன். உடைகிறது எல்லாம் அங்கேதான் விழும். நீங்களும் வர வேணும் கீழே. ஐயாவையும் கூப்பிடுங்கோ." அவள் கண் சுருங்கியது. "மறுபடியும் தொடங்கிவிட்டாயா? நான் என்ன சொன்னேன் உனக்கு? ஓடினால் எங்கே அனுப்புவேன் என்று சொன்னேன்?" "ஓடவில்லை, மேடம். பாருங்கோ. ஓடுகிற ஆள் தேத்தண்ணீர் ஊற்றுமா?" சுமனா குனிந்து குழந்தையின் தலைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாள், சிரித்தாளோ அழுதாளோ. "என் மகள் பிள்ளை பெறப்போகிறாள். நான் போய் அவளைப் பிடிக்க வேணும். அதற்காகத்தான் மேலே வரவில்லை. வேறொன்றுமில்லை. என் தலையில் ஒன்றுமில்லை." என் அரபி இவ்வளவு நீளமாய் ஒருநாளும் வந்ததில்லை, எத்தனை பிழையோ, ஆண்பால் பெண்பால் எல்லாம் மாறியிருக்கும். மேடம் வாயைத் திறந்தாள்.

அவள் என்ன சொல்ல வந்தாள் என்பது எனக்குத் தெரியாது, ஏனென்றால் அப்போதுதான் அது விழுந்தது. எங்கள் மேல் இல்லை. எங்கேயோ கிட்ட, அடுத்த வீட்டு வளவாக இருக்கலாம், தகரக் குவியலை லொறியிலிருந்து கவிழ்த்த மாதிரி நீளமான ஒரு சத்தம், பிறகு கார்கள் எல்லாம் ஒன்றாய் ஊளையிடத் தொடங்கின. மேலே கைதட்டல் நின்றுவிட்டது. கதிரை விழுந்தது, பிள்ளைகள் கத்தினார்கள், பாஸெம் ஐயா யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார், எல்லோரும் ஒரே நேரத்தில் படியால் இறங்கி வந்தார்கள், தம்பி, தம்பியின் மனைவி, பிள்ளைகள், ஒருவர் காலில் செருப்பில்லை. சிலர் அப்படியே கீழே, வெளியே போகப் பார்த்தார்கள். நான் படியில் நடுவாக இருந்தேன், தட்டும் நானும் சுமனாவும் வழியை அடைத்துக்கொண்டு, விலகவில்லை. "வெளியே வேண்டாம். இருங்கோ. இங்கே இருங்கோ." யாருக்குச் சொன்னேன், எந்தப் பாஷையில் சொன்னேன், தமிழில்தான் சொல்லியிருப்பேன். இருந்தார்கள். தம்பியின் மனைவி குழந்தையைச் சுமனாவிடமிருந்து பிடுங்கி முத்தமிட்டு முத்தமிட்டு அழுதாள். பாஸெம் ஐயா ஒரு கிளாசை எடுத்தார், குடிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டிருந்தார், விளிம்பில் தேத்தண்ணீர் வட்டம் வட்டமாய் அசைந்தது. மேடம் மட்டும் நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று என்னையே பார்த்தாள், வருகிற கிழமை என்னை விடுவாளா மாட்டாளா என்று அந்த முகத்தில் தேடிப் பார்த்தேன், ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பிறகு அவளின் முழங்காலும் மடங்கியது. எனக்கு மேல்படியில், சால்வை என் தோளில் உராய, இருந்தாள். நான் ஒரு கிளாசை எடுத்து நீட்டினேன், வாங்கினாள். இன்னொன்றை எனக்கே எடுத்தேன். இந்த வீட்டுப் பொன் விளிம்புக் கிளாசில் நான் குடிப்பது இதுதான் முதல் தரம், சீனி கூடிவிட்டது. அப்போது படிக்கட்டு விளக்கு அணைந்தது. மின்சாரம் போகவில்லை, அந்த விளக்கு கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும், சுவிட்சைத் திரும்ப அழுத்த வேண்டும். சுவிட்ச் கீழே, படி திரும்புகிற இடத்தில், பெரிய கண்ணாடி யன்னலுக்குப் பக்கத்தில். கண்ணாடிக்குள்ளால் வானம் ஒருதரம் செம்மஞ்சளாகி, ஒருதரம் இருண்டது. "தவா," என்றாள் மேடம், பழக்கத்தில், மெல்ல, "விளக்கைப் போடு." ஒவ்வொரு நாளும் அந்தச் சொல்லுக்கு என் உடம்பு தானாக எழும்பும். தோள் கொஞ்சம் அசைந்தது. கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதுகைக் கல் சுவரில் சாய்த்து, அந்த இருட்டில், இருந்த இடத்திலேயே இருந்தேன்.